மடியில கனம்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல லினக்ஸ் பத்தி, அதாவது வின்டோஸுக்குப் பதிலா போடுற, யாரும் பாத்து மாத்திப் பகிர்ந்துக்கலாம்னு தொறந்து வச்ச கட்டற்ற ஓஎஸ் பத்தி, ரெண்டு பத்தி எழுதுனேன். எழுதுன பாவத்துக்கு இந்த மாசம் வந்த கடிதம், வாட்சப் எல்லாத்துலயும் ஒரே கேள்விதான், "அக்கா, லினக்ஸ் போட எந்த லேப்டாப் வாங்கட்டும்?" ஒரு மாடல் பேரச் சொல்லி முடிச்சிருவேன்னு நெனச்சா ஏமாந்து போவீங்க. ஒரே மாடல் பேருக்குள்ளயே ரெண்டு மூணு வித வைஃபை சிப்ப மாத்தி மாத்திப் போட்டு விக்குறாங்க, பேரு அட்டையில இருக்கு, சங்கதி உள்ளயாக்கும் இருக்கு. பாதிப்பேரு "பேரு போடாதீங்க"ன்னு கேட்டதால யாரு பேரும் போடல, ஊரு மட்டும்.

கேள்வி: அக்கா, நான் காலேஜ் ரெண்டாம் வருசம். வீட்டுல 18 ஆயிரம் ரூவாதான் தருவோம்னு சொல்லிட்டாங்க. லினக்ஸ் போட்டுப் படிக்கணும்னு ஆசை. கடையில கேட்டா "அதெல்லாம் ஓடாதும்மா, பொறவு எங்ககிட்ட கொண்டு வராத"ன்னு சொல்றாங்க. என்ன வாங்க? (மார்த்தாண்டம்)

பதில்: மக்களே, உனக்கு இது நல்ல நேரம். வின்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க. வின்டோஸ் 11 போடணும்னா இன்டெல்ல 8-ம் தலைமுறை பிராசசரும் டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்புச் சிப்பும் வேணும்னு கண்டிஷன், அதுக்கு முந்துன மெஷின் பெரும்பாலும் அவங்க லிஸ்ட்டுலயே கிடையாது. அதனால பெரிய கம்பெனிகள்ல ஓடிக்கிட்டிருந்த, ஒரு கொறையும் இல்லாத 6, 7-ம் தலைமுறை மெஷினெல்லாம் கட்டுக்கட்டா பழைய மார்க்கெட்டுக்கு வருது. வின்டோஸ்காரனுக்கு அது கழிவு, நமக்கு அதுல இன்னும் அஞ்சாறு வருசம் ஓட்டம் பாக்கி இருக்கு.

அதுலயும் ஆபீஸுக்குன்னு செஞ்ச மாடலத் தேடு. லெனோவோ திங்க்பேட்ல டி460, டி470, டெல்ல லேட்டிட்யூட் வரிசை, ஹெச்பில எலைட்புக். கல்யாணப் பரிசுக்குக் கொடுக்குற மாதிரி பளபளன்னு இருக்காது, கறுப்பா கட்டையா தோசைக்கல்லு கணக்கா இருக்கும், இருக்கட்டும். இதுல பெரும்பாலும் வைஃபை இன்டெல், கிராபிக்ஸும் இன்டெல், ரெண்டையும் ஓட்டுற டிரைவர் லினக்ஸோட மையப் பகுதியான கர்னல்லயே இருக்கு. டி470ல ரேம் ரெண்டு ஸ்லாட், இன்னிக்கு 8 ஜிபியோட வாங்கி பொறவு பைசா சேந்தா இன்னொண்ணு சொருகிக்கலாம். பேட்டரியும் ரெண்டு, ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளியே கழட்டுற மாதிரி. எப்படிக் கழட்டணும்னு ஸ்க்ரூ ஸ்க்ரூவா படம் போட்ட கையேட்ட கம்பெனியே ஓப்பனா வெளியிட்டிருக்கு, அதப் பாத்துத்தான் நானே பாதி வேல கத்துக்கிட்டேன். பேருக்குப் பின்னாடி 'எஸ்' வந்தா, டி470எஸ் மாதிரி, ஒல்லியா இருக்கும், ஆனா ரேம்ல ஒரு பகுதி போர்டோட ஒட்டுனது, மாத்த முடியாது, அதக் கவனிச்சுக்க.

இனி கடைக்குப் போற வேல. போறதுக்கு முந்தியே ஒரு 16 ஜிபி பென்டிரைவ்ல வென்டாய்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு அதுக்குள்ள லினக்ஸ்ல ரெண்டு வகையான டெபியன் லைவ், லினக்ஸ் மின்ட் ரெண்டோட ஐஎஸ்ஓவையும் (முழு ஓஎஸ்ஸும் அடங்குன ஒத்த ஃபைல்) காப்பி பண்ணிக்க, காப்பி பண்ணா போதும், வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். கடையில மெஷின ஆன் பண்ணும்போது திங்க்பேடும் டெல்லும்னா எஃப்12, ஹெச்பின்னா எஃப்9 அமுக்குனா எதுல இருந்து பூட் ஆகணும்னு கேக்கும், பென்டிரைவக் காட்டு. இன்ஸ்டால் பண்ணாமலே லினக்ஸ் ஓடும், ஹார்ட் டிஸ்க்கத் தொடாது. உன் போன் ஹாட்ஸ்பாட்டப் போட்டு வைஃபை கனெக்ட் ஆகுதான்னு பாரு. ஒரு வீடியோ ஓட்டி சவுண்ட் கேளு, கேமரா பாரு, வெளிச்சம் கூட்டிக் கொறைக்குற கீ அமுக்கு. மூடிய மூடி ஒரு நிமிசம் வச்சிட்டுத் திற, எழும்புதான்னு பாரு, இது ரொம்பப் பேரு பாக்காம விட்டுட்டு வீட்டுக்கு வந்து அழுவாங்க. எல்லா யூஎஸ்பி ஓட்டையிலயும் பென்டிரைவச் சொருகிப் பாரு. டெர்மினல்ல யூபவர்னு ஒரு கமாண்ட் இருக்கு, அது பேட்டரி புதுசுல எத்தன வாட்-ஹவர், இப்ப எத்தனன்னு ரெண்டையும் சொல்லிரும், பாதிக்குக் கீழன்னா பேட்டரிக் காச வெலையில கொறைக்கச் சொல்லு.

கடைசியா, ஆனா முதல்ல பாக்க வேண்டியது, பயாஸ் பாஸ்வேர்ட். பயாஸ்னா ஓஎஸ் எழும்புறதுக்கு முந்தி ஓடுற, மெஷின் கூடவே வர்ற சாஃப்ட்வேர். ஆன் பண்ணும்போது திங்க்பேட்னா எஃப்1, டெல்னா எஃப்2, ஹெச்பின்னா எஃப்10 அமுக்கி பயாஸ் உள்ள போ, பாஸ்வேர்ட் கேட்டா அந்த மெஷின அப்படியே வச்சிட்டு வந்துரு. இது நான் பட்டுத் தெரிஞ்சது. ஒரு கடையில வெல கொறவுன்னு ஒரு திங்க்பேட வாங்கிட்டு வந்தேன், வீட்டுல வந்து செக்யூர் பூட்ங்கிற செட்டிங்க மாத்தலாம்னு பயாஸுக்குள்ள போனா சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் கேக்குது. கடைக்காரருக்கும் தெரியல, அவருக்கு வித்தவங்களுக்கும் தெரியல. அந்தப் பாஸ்வேர்ட மறந்தா மதர்போர்ட மாத்தணும்கிறதுதான் கம்பெனி சொல்ற வழி. அந்த மெஷின் இப்பவும் எங்க வீட்டுல பாட்டு கேக்க மட்டும் கிடக்கு.

லினக்ஸ் போட்டா வாரண்டி போயிரும்னும் கடையில சொல்லலாம். பழைய மெஷினுக்கு அவங்க தர்ற வாரண்டி எவ்வளவு நாளுன்னு கேளு, அதுலயே பதில் கிடைச்சிரும்.

கேள்வி: மகளுக்குப் புது லேப்டாப் வாங்கணும். ஆன்லைன்ல ஒரே லேப்டாப்புக்கு ரெண்டு வெல போட்டிருக்கு, 'டாஸ்'னு எழுதுனது கொறவு. அது லினக்ஸுக்குன்னே செஞ்சதா? (குளச்சல்)

பதில்: இல்ல அண்ணே. வின்டோஸ் லைசென்ஸுக்குப் பைசா கொடுக்கலன்னுதான் அதுக்கு அர்த்தம். உள்ள ஃப்ரீடாஸ்னு ஒரு ஓஎஸ் இருக்கும், 1994ல ஆரம்பிச்ச திட்டம், அதுவும் கட்டற்ற மென்பொருள்தான், ஆனா நீங்க ஆன் பண்ணா கறுப்புத் திரையில ஒரு கோடு மட்டும் மினுங்கும். லினக்ஸுக்குப் பொருத்தம் பாத்து சிப்பு போட்டிருக்காங்கன்னு நெனச்சிராதீங்க, வின்டோஸ் மாடல்ல என்ன சிப்போ அதே சிப்பு இதுலயும்.

புது மெஷின்ல பாக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு வைஃபை. இன்டெல் வைஃபைன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம். ரியல்டெக், மீடியாடெக்னா நம்பர் பாக்கணும். மீடியாடெக்ல எம்டி7921க்கு கர்னல் 5.12லயே டிரைவர் வந்துட்டு, அதே கம்பெனியோட எம்டி7902க்கு ரொம்ப காலத்துக்கு டிரைவரே இல்லாம, வாங்குனவங்கெல்லாம் யூஎஸ்பி வைஃபை சொருகி ஒப்பேத்துனாங்க. ரெண்டு நம்பருக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாத்தியளா, அட்டைப்பெட்டியில இது எங்கயும் எழுதியிருக்காது, 'வைஃபை 6'னு மட்டும் போட்டிருக்கும். இன்னொண்ணு என்விடியா கிராபிக்ஸ். அதுக்குக் கட்டற்ற டிரைவர் நூவோன்னு இருக்கு, ஆனா கேமும் ஏஐ வேலையும்னா கம்பெனியோட மூடுன டிரைவர்தான் போட்டாகணும், இன்டெல்லும் என்விடியாவும் ரெண்டும் சேந்து இருக்குற லேப்டாப்புல ஸ்கிரீன வெளியே மாட்டுறது, பேட்டரி நிக்குறது எல்லாத்துலயும் மல்லுக்கட்டணும். பிள்ளைக்கு அது தேவையில்லேன்னா இன்டெல்லோ ஏஎம்டியோ அதுக்குள்ளயே இருக்குற கிராபிக்ஸ் போதும், ஏஎம்டி டிரைவரும் கர்னல்லயே உண்டு.

புது மெஷின்னா ஓஎஸ்ஸும் புதுசா இருக்கணும். ரெண்டு மூணு வருசம் முந்தி டவுன்லோட் பண்ணி வச்ச ஐஎஸ்ஓவப் போட்டுட்டு "சவுண்ட் வரல, லினக்ஸ் கொள்ளாது"ன்னு திட்டாதீங்க. டெபியன் 12ல கர்னல் 6.1, 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13ல 6.12. இந்த இடைவெளியில வந்த சிப்புக எத்தனையோ.

இன்ஸ்டால் பண்ணும்போது ஹார்ட் டிஸ்க்கே தெரியலேன்னா பதறாதீங்க, பயாஸ்ல ஸ்டோரேஜ்ங்கிற இடத்துல ஆர்எஸ்டி இல்லேன்னா விஎம்டின்னு இருக்கும், அத அணைச்சு ஏஹெச்சிஐ ஆக்குனா தெரியும். உள்ள ஏற்கெனவே வின்டோஸ் இருந்தா மட்டும் யோசிச்சுச் செய்யுங்க, அது பூட் ஆகாமப் போயிரும்.

கேள்வி: ஃப்ரீ ஓஎஸ்னா ஓசி ஓஎஸ்தானே, அதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு? (திங்கள்சந்தை)

பதில்: ஓசி வேற, இது வேற. ஊர்க்குளம்னு வச்சிக்கிடுங்க. யாரும் குளிக்கலாம், மடை அடைஞ்சு போச்சுன்னா யாரையும் கேக்காம மம்பட்டி எடுத்துட்டுப் போய்த் தூரு வாரலாம், பக்கத்து வயலுக்கும் திருப்பி விடலாம். பைசா வாங்காம ஒருத்தர் அவரு வீட்டுக் கெணத்துல ஒரு வாளி மொண்டு தந்தா அது ஓசி, நாளைக்கு அவரு கெணத்துக்கு மூடி போட்டுட்டா நமக்குப் பேச்சில்ல. கட்டற்ற மென்பொருள்னு தமிழ்ல சொல்றது அதுக்குத்தான். சில பேரு பைசா வாங்கிட்டும் விக்குறாங்க, அதுல தப்பே இல்ல.

கேள்வி: எங்க அண்ணன் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் தந்த லேப்டாப் பரண்ல கிடக்கு. உயிர் கொடுக்க முடியுமா? (குலசேகரம்)

பதில்: முடியும், ஆனா ஆசைய கொஞ்சம் அடக்கிக்கிடணும். 2011ல அந்தத் திட்டம் ஆரம்பிச்சப்போ வந்த லேப்டாப் நெறையதுல வின்டோஸும் பாஸ் லினக்ஸும் சேந்தே இருந்துச்சு. பாஸ்னா முதலாளி இல்ல, பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் டெபியன் மேல கட்டுன ஓஎஸ். நம்ம மாவட்டத்துல எத்தனையோ வீட்டுக்குள்ள லினக்ஸ் அப்பவே நொழஞ்சுட்டு, ஆன் பண்ணும்போது ரெண்டு பேரு வருதேன்னு பாத்துட்டு எல்லாரும் முதல்ல இருந்ததயே அமுக்குனாங்க, அவ்வளவுதான்.

முதல்ல பேட்டரியக் கழட்டி வச்சிட்டு சார்ஜர்ல மட்டும் ஆன் பண்ணுங்க, பேட்டரி உப்பியிருந்தா திரும்பச் சொருகவே வேண்டாம். ஆன் ஆச்சுன்னா தேதியப் பாருங்க, 2010னோ 2011னோ காட்டுனா உள்ள இருக்குற சின்னப் பட்டன் பேட்டரி செத்துட்டு, பெரும்பாலும் சிஆர்2032, வாட்ச் கடையிலயே கிடைக்கும். தேதி தப்பா இருந்தா ஒரு வெப்சைட்டும் தொறக்காது, செர்டிபிகேட் எரர்னு காட்டும், இது தெரியாம நெட் போச்சுன்னு ஒருத்தர் மோடத்தையே மாத்துனாரு. பொறவு ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்க, ரேம் 2 ஜிபின்னா 4 ஆக்குங்க. இந்த ரெண்டும்தான் உயிர், ஓஎஸ் அதுக்குப் பொறவுதான். டெபியன் 13ல 32-பிட் மெஷினுக்கு இன்ஸ்டாலர நிறுத்திட்டாங்க, உங்க பிராசசர் 64-பிட்டான்னு பாருங்க, அப்படின்னா டெபியனோட எல்எக்ஸ்க்யூடிங்கிற லேசான டெஸ்க்டாப் போடுங்க, இல்லேன்னா ஆன்டிஎக்ஸ்னு ஒரு லேசான லினக்ஸ் இருக்கு.

எழுத, படிக்க, பாட்டு கேக்க, பைத்தான் பழக எல்லாம் ஓடும். பிரவுசர்ல பத்து டேப் தொறந்தா மூச்சு வாங்கும், அது லினக்ஸோட குத்தம் இல்ல, இப்ப உள்ள வெப்சைட் கனம் அப்படி.

கேள்வி: நாங்க ஆழ்கடல்ல தங்கி மீன் பிடிக்கவங்க. போட்டுல பெரிய ஸ்கிரீன்ல மேப்பு பாக்க ராஸ்பெரி பை போடலாம்னு தம்பி சொல்றான், அதுல ஃப்ரீ சாஃப்ட்வேர் ஓடுமாம். கடல் காத்துல நிக்குமா? (தூத்தூர்)

பதில்: இந்த மாசம் வந்ததுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது, அதனால கொஞ்சம் நீட்டிப் பேசுறேன்.

உங்க தம்பி சொல்றது ஓப்பன்சிபிஎன்னா இருக்கும். சார்ட் பிளாட்டர் வேல, அதாவது கடல் மேப்புல போட்டு நிக்குற இடத்தக் காட்டுற வேல செய்யுற கட்டற்ற மென்பொருள், ராஸ்பெரி பைங்கிற கையளவு கம்ப்யூட்டர்ல நல்லாவே ஓடும். யூஎஸ்பி ஜிபிஎஸ் ரிசீவர் ஒண்ண சொருகுனா ஜிபிஎஸ்டின்னு ஒரு புரோகிராம் அத வாங்கி எல்லாருக்கும் பகிர்ந்து கொடுக்கும், போட்டு எங்க நிக்குது, எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்துல போகுதுன்னு தெரியும். போன தடவ வல போட்ட இடம் எல்லாத்தையும் குறிச்சு வச்சு, ஃபைலா எடுத்து வீட்டுல பத்திரமா வைக்கலாம். கம்பெனிப் பெட்டியில குறிச்ச பாயின்ட எல்லாம் பெட்டி போனா கூடவே போகுதேன்னு உங்க ஆளுகளே எங்கிட்ட அங்கலாய்ச்சதுண்டு. இன்னொண்ணு ஏஐஎஸ். கப்பல் தன் பேரும் இடமும் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ்ல சொல்லிக்கிட்டே போகும், எஸ்டிஆர்ங்கிற ஒரு சின்ன யூஎஸ்பி ரேடியோ ஸ்டிக்கும் ஆன்டெனாவும் இருந்தா அதக் கேட்டு மேப்புல கப்பலக் காட்டலாம். ராத்திரி கப்பல் பாதையில கிடக்குறவங்களுக்கு அது என்னன்னு நான் சொல்லித் தெரிய வேண்டாம். ஆனா ஒண்ணு, நீங்க கப்பலப் பாப்பீங்க, கப்பல் உங்களப் பாக்காது, அதுக்கு உங்க இடத்த அனுப்புற டிரான்ஸ்பாண்டர் வேணும்.

இனி கஷ்டத்தச் சொல்றேன். ஓப்பன்சிபிஎன் கூட வர்றது வெறும் கரை ஓரக் கோடுதான், ஆழமும் பாறையும் அதுல இருக்காது. இந்தியக் கடலுக்கு முறையான சார்ட் டேராடூன்ல இருக்குற தேசிய ஹைட்ரோகிராஃபிக் ஆபீஸ் வெளியிடுறது, எலக்ட்ரானிக் சார்ட் பைசா கொடுத்து வாங்கணும், பூட்டுப் போட்டுத்தான் தருவாங்க. ஓஎஸ் கட்டற்றது, மேப்பு கட்டுனது, இப்படி ஒரு கூத்து. ராஸ்பெரி பையும் முழுசாத் தொறந்ததில்ல, அது பூட் ஆகுற முதல் ஃபர்ம்வேர் (சிப்பு ஓடுறதுக்குன்னே உள்ள சாஃப்ட்வேர்) மூடுனதுதான், தெரிஞ்சே வாங்குங்க.

கரண்ட். பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர், பை 5க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் வேணும். போட்டு பேட்டரில இருந்து இறக்க நல்ல பக் கன்வர்ட்டர் போடுங்க, கார்ல போன் சார்ஜ் பண்ற சாமானத்த நம்பாதீங்க, எஞ்சின் ஸ்டார்ட் பண்ணும்போது வோல்டேஜ் கீழ விழுந்து பை அணைஞ்சு திரும்ப ஆன் ஆகும், நாலு தடவ அப்படி ஆனா எஸ்டி கார்டு போச்சு. அதனால எஸ்டி கார்டுல எழுதாத மாதிரி ஓவர்லே ஃபைல் சிஸ்டம்னு ஒரு செட்டிங் இருக்கு, ராஸ்பி-கான்ஃபிக்லயே கிடைக்கும், அதப் போட்டுட்டு பாயின்ட சேத்து வைக்க மட்டும் தனியா ஒரு எஸ்எஸ்டி வச்சிக்கிடுங்க. அதே கார்ட ரெண்டு காப்பி எடுத்து ஒண்ண பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு வையுங்க, நடுக்கடல்ல ஒண்ணு போனா மாத்திச் சொருகிக்கிடலாம், இந்த ஒரு வசதி லேப்டாப்புக்குக் கிடையாது.

உப்புக் காத்துக்கு ஃபேன் இருக்குற எந்தப் பெட்டியும் ஆகாது, உப்ப உள்ள இழுத்துக்கிட்டே இருக்கும். அலுமினியப் பெட்டியே வெப்பத்த வெளியே தள்ளுற மாதிரி ஃபேன் இல்லாத கேஸ் பைக்கு உண்டு, அதுக்குள்ள போட்டு, வயர் போற ஓட்டைய ரப்பர் கிளாண்டால அடைச்சு, வீல்ஹவுசுக்குள்ள வையுங்க. சும்மா கிடக்குற யூஎஸ்பி ஓட்டையில மூடி போடுங்க. எங்க வீடு கடல்ல இருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, அங்கயே லேப்டாப்போட ஹெச்டிஎம்ஐ ஓட்ட பச்ச பிடிச்சிரும், உங்களுக்குக் கேக்கணுமா.

எல்லாத்துக்கும் மேல, இது ரெண்டாவது கண்ணு மட்டும்தான். உங்க மெரைன் ஜிபிஎஸ், விஹெச்எஃப் செட்டு, டிஸ்ட்ரெஸ் அலர்ட் டிரான்ஸ்மிட்டர் எதையும் கழட்டி வச்சிட்டு இத நம்பிப் போகாதீங்க. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்போ நம்ம கரையில எந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: எனக்குக் கண் பார்வை கிடையாது, ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். மத்தவங்க துணையில்லாம நானே லினக்ஸ் இன்ஸ்டால் பண்ண முடியுமா, அதுக்கு எந்த லேப்டாப்? (நாகர்கோவில்)

பதில்: முடியும் டீச்சர். டெபியன் இன்ஸ்டாலர் பூட் ஆகி மெனு வந்ததும் பீப் சத்தம் கேக்கும், அப்ப 'எஸ்' அமுக்கி என்டர் தட்டுனா பேச ஆரம்பிச்சிரும், கடைசி வரைக்கும் குரல் கேட்டே முடிச்சிரலாம். அப்படி முடிச்சா திரையில உள்ளத வாசிச்சுச் சொல்ற ஆர்க்கா ஸ்கிரீன் ரீடரும் உள்ள தயாரா இருக்கும். தமிழுக்கு ஈஸ்பீக் என்ஜி குரல் உண்டு, கொஞ்சம் எந்திரம் பேசுற மாதிரிதான் இருக்கும், இனிமை எதிர்பாக்காதீங்க.

உங்களுக்கு மட்டும் வைஃபையவிட சவுண்ட் சிப்பு முக்கியம், சவுண்ட் வரலேன்னா இன்ஸ்டாலர் ஊமையாயிரும். புது லேப்டாப் பலதுல சவுண்டுக்கே தனி ஃபர்ம்வேர் வேணும். முந்தி அது டெபியன் இன்ஸ்டாலர்ல இருக்காது, 2023ல வந்த டெபியன் 12ல இருந்துதான் மூடுன ஃபர்ம்வேரையும் சேத்தே தர ஆரம்பிச்சாங்க. கொள்கை பேசுறவங்களுக்கு அதுல வருத்தம், உங்கள மாதிரி ஆளுகள நெனச்சா எனக்கு வருத்தம் இல்ல. மேல மார்த்தாண்டம் பிள்ளைக்குச் சொன்ன அதே பழைய திங்க்பேட், லேட்டிட்யூடே எடுங்க, அதுல சவுண்ட் பழைய ஹெச்டி ஆடியோ வகை, தகராறு கொறவு. கடையில வாங்குறதுக்கு முந்தி பென்டிரைவப் போட்டு அந்த 'எஸ்'ஸ அமுக்கிப் பாருங்க, அங்கயே பேசிச்சுன்னா வாங்குங்க.

கேள்வி: பார்டருக்கு அந்தாண்ட பாறசாலையில எங்க சொந்தக்காரப் பிள்ளைக ஸ்கூல்ல லினக்ஸ்தான் படிக்குதுங்க. அதே ஓஎஸ் எங்க வீட்டு மெஷின்ல போடலாமா? (களியக்காவிளை)

பதில்: போடலாமே. கேரளாவுல ஐடி அட் ஸ்கூல்னு இருந்து 2017ல கைட்னு மாறுன அமைப்பு, உபுண்டுங்கிற லினக்ஸ் மேல ஸ்கூலுக்குன்னு ஒரு ஓஎஸ் கட்டித் தருது, அங்க பத்தாங்கிளாஸ் ஐடி பரீட்சையே கட்டற்ற மென்பொருள்லதான். உபுண்டு எதுல ஓடுமோ அதுல எல்லாம் அதுவும் ஓடும். தமிழ் டைப் பண்ண ஐபஸ்ங்கிற டைப்பிங் சாஃப்ட்வேர்ல தமிழ்99 கீபோர்டச் சேத்துக்கிடுங்க. ஒரு ரோட்டுக்கு அந்தாண்ட எல்லாப் பிள்ளைகளும் படிக்குறது இந்தாண்ட கடைக்காரருக்கு "ஓடாது"ன்னு தோணுது, என்ன சொல்ல.

கேள்வி: பழைய போன்ல ஆண்ட்ராய்ட எடுத்துட்டு லினக்ஸ் போட ஆசை. (தக்கலை)

பதில்: தம்பி, ரெண்டாவது போனா இருந்தா மட்டும் கை வைங்க. போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ்னு, ஆல்பைன்ங்கிற சின்ன லினக்ஸ் மேல போனுக்குன்னு கட்டுனது ஒண்ணு இருக்கு, 2018ல இங்க வித்த போக்கோ எஃப்1 அதுக்கு நல்லாப் பொருந்துற போன்ல ஒண்ணு. கையடக்க லினக்ஸா, சின்ன சர்வரா வச்சிக்கிட சூப்பர், கால் பண்ணவும் போட்டோ எடுக்கவும் நம்பாதீங்க. ஓஎஸ்ஸ எழுப்புற பூட்லோடர அன்லாக் பண்ணும்போது உள்ள உள்ளது எல்லாம் அழிஞ்சிரும், போட்டோ காப்பி எடுத்துட்டுத் தொடுங்க. தினமும் கையில வச்சிருக்கணும்னா லீனேஜ் ஓஎஸ் பாருங்க, அது ஆண்ட்ராய்டேதான், கூகுள் சாமான் இல்லாம. ஜிபே, பேங்க் ஆப் எல்லாம் அன்லாக் பண்ண போன்ல மொரண்டு பிடிக்கும், டீக்கடையில நின்னு முழிக்கக் கூடாது பாருங்க.

கேள்வி: அக்கா, பயாஸ் வரைக்கும் எல்லாமே கட்டற்றதா இருக்கணும். இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜின் வேண்டாம். என்ன வழி? (வடசேரி, இன்ஜினியரிங் மாணவன்)

பதில்: இப்படி ஒரு ஆளு ஊருல இருக்கணும்தான். திங்க்பேட் எக்ஸ்200, டி400 ரெண்டும் 2008ல வந்தது, அதுல பயாஸுக்குப் பதிலா போடுற கட்டற்ற லிப்ரபூட் போட்டா, ஓஎஸ்ஸுக்குத் தெரியாம இன்டெல் சிப்புக்குள்ள தனியா ஓடுற அந்த மேனேஜ்மென்ட் என்ஜின் ஃபர்ம்வேர முழுசாவே தூக்கிரலாம். ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் சான்றிதழ் கொடுத்த முதல் லேப்டாப்பும் இந்த வம்சம்தான், 2013 டிசம்பர்ல எக்ஸ்60. வைஃபைக்கு ஏதரோஸ்ல ஏடிஹெச்9கே டிரைவர்ல ஓடுற கார்டு தேடுங்க, அதுக்கு மூடுன ஃபர்ம்வேரே வேண்டாம். ஆனா கம்பெனி பயாஸ் இருக்குற வரைக்கும் வேற கார்ட ஏத்துக்காது, ஒரு வைட்லிஸ்ட் வச்சிருக்கு, லிப்ரபூட் போட்ட பொறவுதான் மாத்தணும். முதல் தடவ சிப்ப வெளியில இருந்து எழுத சிஹெச்341ஏ புரோகிராமரும் கிளிப்பும் வேணும், மலிவான கறுப்பு போர்டு சிலது 3.3 வோல்ட் சிப்புக்கு 5 வோல்ட்ட அனுப்பிரும், மீட்டர் வச்சுப் பாத்துட்டு மாட்டுங்க.

அந்த மெஷின் கோர் 2 டுவோ, அதுல இன்னிக்குள்ள வெப்சைட் ஓட்டுறது திற்பரப்பு ரோட்டுல ஓட்ட சைக்கிள்ல ஏத்தம் ஏறுற மாதிரி. அவ்வளவு பொறுமை இல்லேன்னா டி480 பாருங்க, 2024 கடைசியில அதுக்கும் லிப்ரபூட் வந்துட்டு, இன்டெல்லோட சில மூடுன துண்டு அதுல இருக்கத்தான் செய்யும். நான் டி480தான் வச்சிருக்கேன், நல்லா தூக்கம் வருது.

கேள்வி: கைரேகை வேல செய்யுமா? (கருங்கல்)

பதில்: நான் சொன்ன திங்க்பேட் பலதுல நேரா வேல செய்யாது, பாஸ்வேர்ட் அடிங்க.

கேள்வி: கடையில பென்டிரைவ் போட விட மாட்டேங்காங்க, வைரஸ் வந்துருமாம். என்ன செய்ய? (இரணியல்)

பதில்: அவங்க பயத்துலயும் நியாயம் உண்டு, தினமும் யாராவது எதையாவது சொருகி எதையாவது கெடுத்துட்டுப் போறாங்க. சண்ட போடாதீங்க. "அண்ணாச்சி, நீங்களே ஹார்ட் டிஸ்க்கக் கழட்டி கையில வச்சிக்கிடுங்க, நான் பென்டிரைவ்லயே ஆன் பண்ணிக் காட்டுறேன்"னு சொல்லுங்க. டிஸ்க்கே இல்லாம மெஷின் ஓடுறதப் பாத்தா அவங்களுக்கே சுவாரசியம் வந்துரும். போன வருசம் ஒரு கடையில நான் இப்படிச் செஞ்சப்போ, வின்டோஸ் ஏறாம மூலையில போட்டிருந்த நாலு மெஷினையும் கொண்டு வந்து வரிசையா வச்சு, "இதுலயும் ஒண்ணு பாத்துச் சொல்லுங்க"ன்னு சாயா வாங்கித் தந்தாரு. மூணு ஓடிச்சு, நாலாவதுல ரேம் போயிருந்துச்சு. அந்தப் பென்டிரைவ அவரு திருப்பித் தரவே இல்ல.